பத்தாயத்தில் கிடந்த பாகவதர்: ஓர் இசைத்தட்டுப் பெட்டியின் நிகழ்வு ஆய்வு

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து சென்ற ஆடி மாதம் ஒரு மரப்பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே 19 கிராமபோன் தட்டுகள். எல்லாமே 10 அங்குலம், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுபவை. கொண்டுவந்தவர் அந்த வீட்டுப் பேரன். "இதுல ஏழு தட்டு பாகவதர் பாடுனதுண்ணே. பாட்டிக்கு அது மட்டும் கேட்டாப் போதும்" என்றார்.

பழைய தட்டுகளைக் கழுவி, ஓடவிட்டு, கணினியில் ஏற்றித் தருகிற வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். தொழில் என்று சொல்ல முடியாது, ஆனால் விடமுடியாத வேலை. இந்தப் பெட்டியைத் தனியாக எழுத இரண்டு காரணங்கள் உண்டு. அந்தக்காலச் சினிமாவில் பாடி நடித்துப் புகழ்பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதரின் குரல் என்று நாம் கேட்டுப் பழகியிருப்பது எந்த அளவுக்கு அவர் குரல் என்ற கேள்விக்கு இந்தப் பெட்டி கொஞ்சம் விடை வைத்திருந்தது. இரண்டாவது, ஏழில் ஒரு தட்டு பாகவதர் பாடியதே இல்லை.

பெட்டி பிழைத்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அந்த வீட்டின் ஓடுகள் பாதிக்கு மேல் பறந்துவிட்டன. கூடத்தில் இருந்த கிராமபோன் பெட்டி நனைந்து ஊறிப் பிளந்துவிட்டது. தட்டுகளோ பத்தாயத்துக்குள் இருந்தன. நெல் கொட்டுவது நின்றுபோய்ப் பல வருடங்களான பத்தாயம்; கனமான பலகை, மேல்மூடி. வெயில் படாததால் தட்டுகள் வளையவில்லை, மழையும் இறங்கவில்லை. பூச்சி மட்டும் புகுந்துவிட்டது. அரக்கை அது தொடவில்லை, காகித லேபிள்களைத் தின்றுவிட்டது. பாட்டின் பெயர், படத்தின் பெயர், கம்பெனி, எண் எல்லாம் பெரும்பாலான தட்டுகளில் போயே போய்விட்டன. எது என்ன பாட்டு என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

19இல் மூன்று உடைந்திருந்தன. ஐந்தில் மயிரிழை விரிசல். மீதி 11 நல்ல நிலை. நாகஸ்வரத் தட்டுகள் நான்கு. அதில் ஒன்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. டெல்டா வீட்டுப் பெட்டியில் அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நாடகக் காமிக் தட்டுகள் சில. மற்றவை பாட்டு.

கழுவும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இந்தத் தட்டுகள் கொம்பரக்கும் கல்மாவும் கரியும் கலந்து அழுத்தியவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். கடையில் விற்கும் சுத்தம் செய்யும் திரவங்களில் பலவற்றில் ஸ்பிரிட் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீர், துளி சோப்பு, மெல்லிய பிரஷ், நிழலில் காயவிடுவது, இவ்வளவே போதும். முள்ளும் முக்கியம். எல்பி தட்டுக்கு உள்ள முள் இதற்கு ஆகாது. 78 தட்டின் பள்ளம் மூன்று மடங்கு அகலம். மெல்லிய முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூளிலேயே உரசிக்கொண்டு போகும், சுவரைத் தொடாது. பாட்டு இருப்பது சுவரில்.

சரி, குரலுக்கு வருகிறேன். அதற்கு முன் அந்தக் குரல் எங்கே உருவானது என்று பார்த்துவிட வேண்டும். தட்டில் கேட்பதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

தியாகராஜன் பிறந்தது மாயவரத்தில், 1910 மார்ச் 1. பொற்கொல்லர் குடும்பம். சிறுவயதிலேயே குடும்பம் திருச்சிக்கு வந்துவிட்டது. ரயில்வே அதிகாரியும் திருச்சி ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவருமான எஃப். ஜி. நடேசய்யர் அந்தச் சிறுவனை அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். பிறகு மதுரை பொன்னு ஐயங்காரிடம் ஆறு வருடம் முறையான சங்கீதம். 1926இல் பொன்மலையில் பவளக்கொடி நாடகத்தில் அர்ச்சுனன் வேடம். பாகவதர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது அந்த நாட்களில்தான்.

அந்த நாடக மேடையில் மைக் கிடையாது. விடிய விடிய நடக்கும் நாடகம். எதிரே ஆயிரக்கணக்கில் ஜனம். கடைசி வரிசையில் துண்டை விரித்துச் சாய்ந்திருப்பவர் காதில் பாட்டு விழ வேண்டும். அதனால் ராஜபார்ட் நடிகர்கள் எல்லோருமே உயர்ந்த சுருதிக்குப் போனார்கள். செங்கோட்டை கிட்டப்பா அதில் சிகரம். 1933இல் அவர் இளம்வயதிலேயே மறைந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் பாகவதர்தான். தாரஸ்தாயியில், அதாவது மேல் சுரங்களில், நின்று மின்னல் வேகச் சுரக்கொத்துகளான பிருகாக்களை உதிர்ப்பதை வெறும் ஜாலம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தூரத்துக்குக் குரலை அனுப்ப வேண்டிய தேவையிலிருந்து பிறந்த பழக்கம் அது. நீண்ட கார்வை இரைச்சலில் கரைந்துவிடும். நறுக்கென்று விழும் பிருகா இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். அதே காரணத்துக்காகவே அது கிராமபோனிலும் நன்றாக விழுந்தது. அரக்குத் தட்டின் கரகரப்பும் ஒருவகைக் கூட்ட இரைச்சல்தானே.

அவரைச் சுற்றி இருந்தவர்களும் காவிரித் தண்ணீர் குடித்தவர்களே. 1934இல் பவளக்கொடியைப் படமாக எடுத்த கே. சுப்பிரமணியம் பாபநாசத்துக்காரர். பாட்டெழுதிய பாபநாசம் சிவன் பிறந்தது போலகத்தில். ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது அதே பாபநாசத்தில். பின்னாளில் சிவகவி, ஹரிதாஸ் என்று அவருக்கு இசையமைத்த ஜி. ராமநாதன் கொள்ளிடக் கரைப் பிச்சாண்டார்கோவில். கோயிலிலும் பஜனை வீதியிலும் ஹரிகதையிலும் கேட்டு ஊறியதைத்தான் இவர்கள் சினிமாவுக்குள் கொண்டுபோனார்கள். அதனால்தான் டெல்டாவில் அந்தப் பாட்டுகளை யாரும் சினிமாப்பாட்டு என்று ஒதுக்கவில்லை. பேரனின் பாட்டி, நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், சொன்னார்: "எங்க மாமனார் வெள்ளிக்கிழமை வெளக்கேத்துனதும் பாகவதர் தட்டுதான் தம்பி போடுவாரு. சாமி பாட்டுன்னுதான் நாங்க கேட்டோம்."

பவளக்கொடி படத்தில் ஏறக்குறைய 50 பாட்டுகள்; அதில் 22 பாகவதருடையவை. நாடகத்தை அப்படியே படமாக்கியது போலத்தான். முப்பதுகளில் நடிகர் கேமராவுக்கு முன்னால் நின்றே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் சட்டகத்துக்கு வெளியே, சிலசமயம் மரத்துக்குப் பின்னால். தட்டு வேண்டுமென்றால் அது தனி வேலை. இசைத்தட்டுக் கம்பெனிக்குப் போய் மறுபடி பாட வேண்டும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவது மூன்றேகால் நிமிடம். மேடையில் அரைமணி நேரம் விரித்துப் பாடியதை அந்த அளவுக்குள் மடித்து வைக்க வேண்டும். நாடா வராத காலம். மெழுகுத் தட்டில் நேராக வெட்டுவார்கள். நடுவில் ஒரு அட்சரம் தவறினால் முதலிலிருந்து பாட வேண்டியதுதான், வெட்டி ஒட்ட முடியாது.

இந்தப் பெட்டியின் தட்டுகளில் இதைத் தெளிவாகக் கேட்க முடிகிறது. எதையும் அவர் அவசரப்படுத்தவில்லை. பல்லவியை ஒருமுறை சாதாரணமாகப் பாடுகிறார். அடுத்தமுறை ஒரே ஒரு சங்கதி, அதே வரிக்கு ஒரு சிறு மெட்டு மாற்றம், கூட்டுகிறார். அனுபல்லவியில் மேலே போய், அங்கே மட்டும் பிருகா. சரணத்தில் சொல்லுக்கு இடம் விட்டு இறங்கிவிடுகிறார். மூன்று நிமிடத்தில் ஒரு முழுச் சாப்பாடு போட்ட திருப்தி வருகிறது. பெரிய கச்சேரி வித்வான்கள் பலருடைய 78 தட்டுகளில் கடைசி அரை நிமிடம் ஓட்டமாக இருக்கும். பாகவதரிடம் அது இல்லை. தட்டு என்ற ஊடகத்தை நன்றாகப் புரிந்துகொண்ட முதல் தமிழ்ப் பாடகர்களில் அவர் ஒருவர் என்பது என் அபிப்பிராயம்.

இனி ஏழாம் எண் தட்டு. எண் நான் கொடுத்தது. ஒரு பக்கம் முருகன் மேல் தனிப்பாட்டு, மறுபக்கம் அம்பாள் பாட்டு. ஆர்மோனியம், பிடில், மிருதங்கம். சரியாக 78 சுற்றில் ஓடவிட்டுச் சுருதி பார்த்தேன். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வோம். ஆதார சட்ஜம் நாலரைக் கட்டையிலும் இல்லை, ஐந்திலும் இல்லை, நடுவில் நின்றது. வேகத்தை 76 சுற்றாகக் குறைத்தால் கால் கட்டை அளவு இறங்கி நாலரையில் உட்காரும். 80 சுற்றாக ஏற்றினால் கால் கட்டை ஏறி ஐந்தில் உட்காரும். இரண்டும் நடக்கக்கூடியதே. 78 என்பது பெயரளவில். வெட்டும் இயந்திரத்தின் வேகம் அங்குமிங்கும் ஓரிரு சுற்று விலகியிருப்பது அந்தக் காலத்தில் சகஜம்.

ஆர்மோனியத்தின் நாக்கு அசையாது என்பதால் அதை வைத்துத் தீர்மானிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த ஆர்மோனியம் எந்த அளவுக்குச் சேர்க்கப்பட்டது என்பதற்கு என்ன பிடிமானம்? எனவே வேறு வழிக்குப் போனேன். படத்தில் அவர் பேசும் வசனத்தை எடுத்துக்கொண்டேன். சினிமாச் சுருள் நொடிக்கு 24 சட்டகம், நிமிடத்துக்கு 90 அடி என்று கட்டுப்பாடாக ஓடுவது. அதில் குரலின் தடிமனை நம்பலாம். பாடும்போது சுருதி மாறினாலும் ஒருவருடைய 'ஆ'வுக்கும் 'ஓ'வுக்கும் உள்ள வாய்க்கட்டு மாறாது. ஹரிதாஸ் வசனத்தில் வரும் நெடில்களையும் தட்டில் வரும் நெடில்களையும் அடுத்தடுத்து வைத்துப் பல நாள் கேட்டேன், கணினியிலும் அளந்தேன். 80 சுற்றில் அவர் சிறுவன் போல ஆகிவிடுகிறார். 'ச'வும் 'ழ'வும் கூர்மையாகிவிடுகின்றன. 76இல் வசனம் பேசும் அதே மனிதர் பாடுகிறார். நாலரை என்று முடிவு செய்தேன். மற்ற பாகவதர் தட்டுகளில் நான்கு 78இலேயே ஒழுங்காக நின்றன, ஒன்றை மட்டும் சற்றே குறைக்க வேண்டியிருந்தது. ஆகவே அவருடைய எல்லாத் தட்டுக்கும் இந்தக் கணக்கைப் பூட்ட முடியாது. ஒவ்வொரு தட்டையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் ஒரு கேசட். எண்பதுகளில் இந்த ஏழாம் தட்டை அந்த வீட்டார் பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்துக் கேசட்டாகப் பதிந்து வாங்கியிருக்கிறார்கள். பேரன் அதையும் கொண்டுவந்திருந்தார். போட்டுப் பார்த்தால் தட்டைவிட இன்னும் அரைக் கட்டை மேலே ஓடுகிறது. தட்டில் கால் கட்டை, கேசட்டில் அரைக் கட்டை, ஆக முக்கால் கட்டை உயர்ந்துபோன ஒரு பாகவதர். போதாததற்கு மெல்லிய முள்ளால் ஓட்டியிருக்கிறார்கள். கீழ் ஒலி முழுக்கத் தேய்ந்து, மேல் ஒலி மட்டும் கீச்சென்று நிற்கிறது. பேரன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்களுக்கெல்லாம் சின்ன வயசுல இது பொம்பளைக் குரல்னுதான் தோணும்ணே." அவர் மேல் தப்பில்லை. அவருக்குக் கிடைத்தது அதுதான்.

கேசட்டிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து கைபேசிக்கும் இப்படி ஏறி வந்த பாகவதரைத்தான் இன்று பெரும்பாலோர் கேட்கிறார்கள். கரகரப்பை எடுக்கிறேன் என்று பிருகாவின் முனையையும் சேர்த்து மழித்துவிட்ட பதிவுகள் வேறு. உயர்ந்த சுருதி அவருடையது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உயரத்தில் ஒரு கனம் இருந்தது. நெஞ்சிலிருந்து கிளம்பும் ஆண் குரலின் கனம். 76 சுற்றில் அதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது பதினோராம் தட்டு. வீட்டார் கணக்கில் இதுவும் பாகவதர். அவருடைய நாற்பதுகளின் படம் ஒன்றில் வரும், ஊரறிந்த பாட்டு. அதே மெட்டு, அதே சொல். இரண்டாவது வரியிலேயே எனக்கு உறுத்தியது. பிருகா விழுகிறது, ஆனால் விழுந்தபின் நிற்கும் இடத்தில் ஒரு சிறு தள்ளாட்டம். பாகவதர் பிருகாவை முடிக்கும் சுரத்தில் ஆணி அடித்தது போல நிற்பார். இவர் தேடிப் போய் நிற்கிறார். படத்தில் உள்ள பாட்டோடு அடுத்தடுத்து வைத்தேன். மூச்செடுக்கும் இடங்கள் வேறு, 'ன்' உச்சரிப்பு வேறு. வேறொரு நல்ல பாடகர், பாகவதர் பாணியை மனப்பாடமாக அறிந்தவர்.

இதில் மோசடி எதுவும் இல்லை. படத்தின் பாட்டும் கடையில் விற்கும் தட்டும் வெவ்வேறு பதிவுகளாக இருந்த காலத்தில், நடிகர் பாடாத தட்டை வேறொருவர் பாடி வெளியிடுவது வழக்கத்தில் இருந்ததுதான். லேபிளில் பாடியவர் பெயர் அச்சாகியிருக்கும். பூச்சி தின்றது அந்தப் பெயரைத்தான். ஒரு பாடகரின் உழைப்பு ஒரு வீட்டில் அறுபது எழுபது வருடம் இன்னொருவர் பெயரில் இருந்திருக்கிறது. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்று வட்டத்தில் கீறியிருக்கும் எண்ணை வைத்துப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாகவதரின் வாழ்க்கையில் திரும்பிப் பார்க்க வைக்கும் ஒரு கணக்கு ஹரிதாஸில் இருக்கிறது. 1944 அக்டோபர் 16, தீபாவளிக்கு வெளியானது. யுத்தத்தால் ஃபிலிம் தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது அரசு கட்டுப்பாடு. இரண்டு மணி நேரப் படம். சென்னை பிராட்வே தியேட்டரில் 110 வாரம், மூன்று தீபாவளி கண்டது. வெளியாகி இரண்டரை மாதம் ஆகுமுன்பே, டிசம்பர் கடைசியில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணைக்கு உத்தரவாகி, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. ஆக அந்த 110 வாரத்தில் ஏறக்குறைய நூறு வாரம் வழக்கும் சிறையும்தான். திரையில் அவர் பாட, தியேட்டர் நிரம்பிக்கொண்டிருந்தது.

அவர் நடிக்கவிருந்த உதயணன் கதைப் படம் வேறொருவருக்குப் போயிற்று. போனது கச்சேரி வித்வான் ஜி. என். பாலசுப்பிரமணியத்துக்கு. ஜி.என்.பி. பிறந்ததும் 1910இல், மாயவரத்தை அடுத்த கூடலூரில். ஒரே வட்டாரம், ஒரே வருடம், இருவரும் கிட்டப்பாவின் பாட்டில் மயங்கியவர்கள், இருவருக்கும் மின்னல் பிருகா. ஒருவர் சபாவுக்குப் போனார், ஒருவர் நாடகக் கொட்டகைக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது.

விடுதலைக்குப் பின் ராஜமுக்தி, அமரகவி, சியாமளா, புது வாழ்வு, மறைந்தபின் வந்த சிவகாமி. சிறைக்கு முன் ஒன்பது படம், பின் ஐந்து. பின்னால் வந்தவை ஓடவில்லை. சிறை அவரை உடைத்தது என்று மட்டும் சொல்லி முடிப்பது போதாது என்று நினைக்கிறேன். அதற்குள் பின்னணிப் பாட்டு நிலைத்துவிட்டது, மைக் நல்ல மைக்காகிவிட்டது. மெதுவாகப் பாடினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்றானபின், தூரத்துக்காகப் பழக்கிய குரலுக்கு வேலை குறைந்தது. 1952இல் பராசக்தி வந்தபோது ஜனம் வசனத்துக்குக் கைதட்டியது. அந்தக் குரலின் சாயலோடு 1950இல் பாட வந்தவர் டி. எம். சௌந்தரராஜன், அவரும் சுருதியை இறக்கி, சொல்லை முன்னால் கொண்டுவந்து, தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொண்டார்.

1959 நவம்பர் 1, சென்னை பொது மருத்துவமனையில் பாகவதர் மறைந்தார். 49 வயது. உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்து சங்கிலியாண்டபுரத்தில் இறுதிச் சடங்கு செய்தார்கள். பெரியம்மா அந்த வீட்டுக்கு வாழவந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "சேதி பேப்பர்ல வந்த அன்னிக்கு மாமனார் கழனிக்குப் போகலை. சாயங்காலம் வரைக்கும் சாவி குடுத்துக் குடுத்து இந்த ஏழு தட்டையும் போட்டாரு. முள்ளு தீந்துபோச்சு. தேஞ்ச முள்ளையே திருப்பிப் போட்டாரு. யாரும் தடுக்கலை."

இதைக் கேட்டபின் எனக்கு ஒன்று விளங்கியது. ஏழு தட்டிலும் ஒரே மாதிரி ஒரு தேய்மானம் இருந்தது. உச்ச ஸ்தாயி வரும் இடங்களில் பள்ளத்தின் சுவர் சாம்பல் நிறமாகியிருந்தது. எஃகு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். தேய்ந்த முள், அதைப் பிடித்திருக்கும் கனமான சவுண்ட் பாக்ஸோடு சேர்ந்து சுவரைச் சீவிவிடும், அதிலும் ஒலி உச்சமாக இருக்கும் இடத்தில் முதலில். பல வருடப் புழக்கத்தின் தேய்மானம் என்று குறிப்பில் எழுதியிருந்தேன். ஒரே ஒரு நாளும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தச் சாம்பல் நிற இடங்களில் வரும் கரகரப்பைக் கணினியில் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் நேரில் போய் ஒரு பென் டிரைவும் சின்ன ஸ்பீக்கரும் கொடுத்தேன். ஏழாம் தட்டைத் திருத்திய வேகத்தில் போட்டேன். பேரன் கேசட்டை நினைத்துக்கொண்டு "இது வேற ஆள் மாதிரி இருக்கேண்ணே" என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினோராம் தட்டு பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கமாகவே இருந்தது. சொல்லாமல் வருவதும் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

"அது பாகவதர் இல்லையா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பாடுனவரு பேரு கெடைச்சா சொல்லு தம்பி. இத்தனை வருசம் அவரு பாட்டைத்தானே கேட்டிருக்கோம்" என்றார். அப்புறம் அதையே இன்னொரு தடவை போடச் சொன்னார்.

உடைந்த மூன்று தட்டுகளில் ஒன்றின் துண்டுகள் முழுதாக இருக்கின்றன. மூன்று துண்டு. ஒட்டாமல், மெழுகில் பொருத்தி, ஒவ்வொரு துண்டாக ஓட்டிப் பதிந்து, கணினியில் சேர்க்க முடியும். ஒரு பக்கத்துக்கு இரண்டு வாரம் ஆகும். முதல் துண்டில் ஒரு வரி கேட்டுவிட்டேன். தம்புராவுக்கு மேல் ஒரு விருத்தத்தின் தொடக்கம், பாகவதர்தான்.